உஷார்! எல்லை தாண்டினால் சட்டம் மாறும், நாள் தாண்டினால் சாலை மூடும்

முனிச்சில் காரை எடுப்பது. சால்ஸ்பர்க், கிராஸ்க்ளோக்னர் மலைச்சாலை, டோலோமைட்ஸ், வெரோனா, ஸ்லோவேனியாவின் பிளெட் ஏரி என்று சுற்றிவிட்டு மறுபடி முனிச். நேரம் கிடைத்தால் சுவிட்சர்லாந்துக்கும் ஒரு எட்டு. தீபாவளி விடுமுறையை ஒட்டி இப்படி ஒரு திட்டம் போட்டு வைத்திருப்பவர்கள், விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எடுத்தாகிவிட்டது என்றால் இரண்டு முறை படியுங்கள்.

இலையுதிர் காலத்து ஆல்ப்ஸ் அழகுதான், சந்தேகமே இல்லை. லார்ச் மரங்கள் பொன்னிறமாகும், ஹோட்டல் வாடகை இறங்கும், கோடைக்காலக் கூட்டம் வடிந்திருக்கும். ஆபத்து அந்த அழகில் இல்லை. இந்த வழியில் வரும் நாடுகளுக்கு இடையே பெரும்பாலும் காரை நிறுத்திக் கேட்க ஆள் கிடையாது. ஒரு நீலப் பலகை வரும், போகும். ஆனால் அந்தப் பலகையைத் தாண்டிய நொடியில் சுங்கம், டயர், வேகம், குழந்தை இருக்கை எல்லாவற்றுக்கும் வேறு சட்டம். அதோடு, செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரை ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒரு சாலை மூடிக்கொண்டே வரும். ஜூலையில் போய் வந்த நண்பரின் பயணத் திட்டத்தை அப்படியே நவம்பருக்கு எடுத்துக்கொள்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதல் எச்சரிக்கை மலைக் கணவாய்கள். கிராஸ்க்ளோக்னர் சாலை 1935இல் திறக்கப்பட்டது. 48 கிலோமீட்டர், 36 கொண்டை ஊசி வளைவுகள், உச்சியில் 2,504 மீட்டர் உயரம். வழக்கமாக மே மாதத் தொடக்கத்தில் திறந்து நவம்பர் தொடக்கத்தில் மூடுவார்கள். 2026இல் தீபாவளி நவம்பர் 8. அந்த வாரத்தில் போகிறவர்கள் இந்தச் சாலையை நம்பித் திட்டம் போடவே கூடாது. அக்டோபரிலும்கூட இரவில் மூடிவிடுவார்கள். பனி பெய்தால் பகலிலும் மூடுவார்கள். இத்தாலியில் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டெல்வியோவும், சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, சூஸ்டன், கிரிம்செல் கணவாய்களும் இதே கதைதான். அக்டோபர் கடைசியோ நவம்பர் முதல் வாரமோ என்பதை முடிவு செய்வது வானம். நீங்கள் கட்டிய முன்பணம் அதற்குத் தெரியாது.

"அக்டோபர்தானே, பனி எங்கே வரப்போகிறது" என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2024 செப்டம்பர் நடுவில், அதாவது கோடை முடிந்தும் முடியாமலும், போரிஸ் புயல் வந்தது. ஆஸ்திரியாவின் மலைப்பகுதிகளில் கடும் பனி. கீழே சமவெளியில் வெள்ளம். வியன்னாவைச் சூழ்ந்திருக்கும் கீழ் ஆஸ்திரிய மாநிலம் முழுவதையும் பேரிடர் பகுதியாக அறிவித்தார்கள். செக்கிலும் போலந்திலும் ஊர்களே தண்ணீரில் நின்றன. 2018 அக்டோபர் கடைசியில் வையா புயல் டோலோமைட்ஸ் பகுதியில் லட்சக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, மலைச்சாலைகள் அடைபட்டன. இவை நூற்றாண்டுக்கு ஒரு முறை வருகிறவை என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெரிய புயலே வேண்டாம், ஓர் இரவுப் பனி போதும் கணவாய் மூட.

எனவே ஒவ்வொரு கணவாய்க்கும் ஒரு மாற்று வழியை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிராஸ்க்ளோக்னர் மூடினால் ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் ஃபெல்பர்டவர்ன் சுரங்கப்பாதை. அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. ஹைலிகன்ப்ளூட் கிராமத்தில் தங்கியிருப்பவர் அந்தப் பக்கம் சுற்றி ட்செல் அம் ஸே ஊருக்குப் போய்ச் சேர இரண்டு மணி நேரம்போல ஆகும். ஃபுர்கா மூடினால் ரியால்ப், ஓபர்வால்ட் ஊர்களுக்கு இடையே காரையே ரயிலில் ஏற்றிக் கொண்டுபோவார்கள். காட்ஹார்டு கணவாய் மூடினால் அடியில் 16.9 கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது; ஆனால் அந்தப் பக்கத்துக் கணவாய்கள் மூடியபின் எல்லா வண்டியும் அந்த ஒரே துவாரத்துக்குத்தான் வரும். வரிசையில் நிற்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள்.

அடுத்தது டயர். இதில் அலட்சியம் காட்டினால் பணம் மட்டும் போகாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை, சாலையில் பனியோ உறைநீரோ இருந்தால் குளிர்கால டயர் கட்டாயம். அந்த டயரின் பள்ளங்களின் ஆழம் 4 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஸ்லோவேனியாவில் நவம்பர் 15 முதல் மார்ச் 15 வரை. இத்தாலியில் பலகை வைத்த சாலைகளில் நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்கால டயர் வேண்டும், அல்லது டிக்கியில் பனிச்சங்கிலியாவது வேண்டும். ஜெர்மனியில் தேதியே கிடையாது. சாலை பனிக்கால நிலையில் இருக்கிறதா, டயர் வேண்டும், அவ்வளவுதான். அது அக்டோபர் 5ஆம் தேதியாக இருந்தாலும் சரி. 2024 அக்டோபர் 1 முதல் அங்கே மூன்று முகட்டு மலையும் நடுவில் பனித்துகளும் பொறித்த டயர்தான் செல்லும். 'எம்+எஸ்' என்ற எழுத்து மட்டும் இருக்கும் பழைய வகை செல்லாது. சுவிட்சர்லாந்து கட்டாயம் என்று எழுதிவைக்கவில்லை. ஆனால் கோடைக்கால டயரோடு பனியில் நின்று போக்குவரத்தை மறித்தாலோ மோதினாலோ பொறுப்பு உங்கள் தலையில் விழும்.

வாடகைக் கார் என்றால் டயர் அவர்கள் பாடு என்று இருந்துவிடாதீர்கள். பல நிறுவனங்கள் குளிர்கால டயருக்குத் தனியாகக் காசு வாங்குகின்றன. கேட்காவிட்டால் கோடை டயரோடு சாவி கைக்கு வரும். முன்பதிவிலேயே எழுத்தில் கேளுங்கள். காரை எடுக்கும்போது குனிந்து அந்த மலைச் சின்னத்தை உங்கள் கண்ணால் பாருங்கள்.

வெளிச்சத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஐரோப்பா கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புகிறது. 2026இல் அது 25ஆம் தேதி. சனிக்கிழமை ஆறு மணியை ஒட்டி மறைந்த சூரியன், ஞாயிறு முதல் ஐந்து மணிக்கே சால்ஸ்பர்க்கில் போய்விடும். பள்ளத்தாக்கில் மலை நிழல் அதற்கும் முன்னால் விழும். நம் ஊரில் காலை பத்து மணிக்குக் கிளம்பி, வழியில் நாலு இடம் பார்த்து, சாப்பிட்டு, மாலையில் மெதுவாக மலையேறுவது பழக்கம். அங்கே நவம்பரில் அப்படிச் செய்தால் கொண்டை ஊசி வளைவுகளை இருட்டில், மூடுபனியில், ஈர இலைகள் படிந்த தார்ச்சாலையில் ஏறுவீர்கள். அந்த இலைகள் எண்ணெய் கொட்டியதுபோல வழுக்கும். அந்தி நேரத்தில் மான்கள் குறுக்கே பாயும் காலமும் அதுதான். மான் மோதிவிட்டால் ஒதுங்கி நின்று, எச்சரிக்கை விளக்கு போட்டு, போலீசை அழையுங்கள். எல்லா நாட்டுக்கும் அவசர எண் 112. போலீஸ் குறிப்பு இல்லாமல் காரைத் திருப்பிக் கொடுத்தால் காப்பீடு கைவிரிக்கும். ஒரு நாளைக்கு நான்கு மணி நேர ஓட்டம், அதிலும் மலைப்பகுதியை மதியம் மூன்றுக்குள் முடிப்பது: இதற்கு மேல் திட்டம் போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

இனி பணம் பிடுங்கும் இடங்கள். அங்கே நெடுஞ்சாலைக்கு ஒரே மாதிரி டோல் கிடையாது. ஜெர்மனியில் காருக்குச் சுங்கமே இல்லை. சால்ஸ்பர்க் தாண்டி ஆஸ்திரியாவின் ஆட்டோபான் எனும் நெடுஞ்சாலையில் ஓட வின்யெட் எனும் சாலை வரிச்சீட்டு வேண்டும். ஒரு நாள், பத்து நாள், இரண்டு மாதம் என்று கிடைக்கும். அதை வாங்கியவர் 'எல்லாச் சாலைக்கும் ஆச்சு' என்று நிம்மதியாக இருந்துவிடுவார். ஆகாது. பிரென்னர், டவர்ன், கரவாங்கன் போன்ற பகுதிகளுக்குத் தனிக் கட்டணம். ஸ்லோவேனியாவுக்கு வேறு வின்யெட். 2022 முதல் ஸ்டிக்கரே கிடையாது, நம்பர் பிளேட்டோடு கணினியில் பதிவாகும், கேமரா பார்த்துக்கொள்ளும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 300 யூரோவில் தொடங்கும். ஒரு வாரச் சீட்டு இருபது யூரோகூட ஆகாது. சுவிட்சர்லாந்தில் ஒரு நாள் ஓட்டினாலும் ஆண்டுச் சீட்டுதான், 40 பிராங்க். ஜனவரி 31 வரைதான் செல்லும் என்பதால் நவம்பரில் வாங்குகிறவருக்கு மூன்று மாதம்கூட மிஞ்சாது. வாங்காமல் பிடிபட்டால் 200 பிராங்க் அபராதம், சீட்டின் விலை தனி. இத்தாலியில் பெரும்பாலும் நம் ஊர்போலச் சாவடி: நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது கட்ட வேண்டும். மஞ்சள் நிற டெலிபாஸ் தடத்தில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள்.

இங்கே ஒரு சிக்கல். கணினியில் பதிவாகும் வின்யெட்டுகள் நம்பர் பிளேட்டோடு கட்டப்பட்டவை. வாடகைக் காரின் எண் சாவி வாங்கும்போதுதான் தெரியும். ஊரிலிருந்தே வாங்கிவிட முடியாது. விமான நிலைய வண்டி நிறுத்தத்திலேயே நின்று, போனில் ஆஸ்திரியாவின் அஸ்ஃபினாக், ஸ்லோவேனியாவின் டார்ஸ் ஆகிய நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் இடைத்தரகர்கள்; அதே சீட்டுக்குக் கூடுதல் காசு கறப்பார்கள். எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் சீட்டு இல்லாத கணக்குதான். ஓ எழுத்தா பூஜ்யமா என்று இரண்டு முறை பாருங்கள்.

வெரோனா, பொலோன்யா, ஃபுளோரன்ஸ் போன்ற இத்தாலிய ஊர்களின் பழைய நகரப் பகுதி இதைவிட மோசமான பொறி. வெள்ளை வட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம், 'ஸெட்.டி.எல்.' என்ற எழுத்து: உள்ளூர் அனுமதி இல்லாத வண்டி அந்த நேரத்தில் நுழையக் கூடாது என்று அர்த்தம். தடுப்பு கிடையாது, காவலர் கிடையாது. மேலே கேமரா. வழிகாட்டிச் செயலி பல சமயம் உங்களை நேரே உள்ளே அனுப்பிவிடும். ஹோட்டலைத் தேடி மூன்று முறை வட்டமடித்தால் மூன்று அபராதம். அது உடனே வராது. ஊர் திரும்பி, போட்டோக்களைச் சொந்தக்காரர்களுக்குக் காட்டி முடித்து மாதங்கள் கழிந்தபின், முதலில் வாடகை நிறுவனம் உங்கள் விவரத்தைக் கொடுத்ததற்கான கட்டணத்தைக் கார்டிலிருந்து எடுக்கும். அபராதக் கடிதம் அதற்கும் பின்னால் வரும். ஹோட்டல் அந்த வளையத்துக்குள் இருந்தால், போவதற்கு முன்பே உங்கள் வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி எழுத்தில் உறுதி வாங்குங்கள். முடியாது என்றால் வளையத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து போங்கள்.

இப்போது காகிதங்கள். ஷெங்கன் விசாவுக்கு அதிக நாள் தங்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தக் காப்பீடு காருக்கு அல்ல, உங்கள் உடம்புக்கு. "குரோஷியா வரை வந்துவிட்டோம், பக்கத்தில்தான் போஸ்னியாவின் மோஸ்டார்" என்று ஆசைப்படுகிறவர்கள் உடனே பாஸ்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1இல் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது, போஸ்னியா வரவில்லை. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவோடு வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வர வழி கிடையாது, திரும்பும் விமானம் முனிச்சில் காத்திருந்தாலும்.

எல்லையில் சோதனை இல்லை என்பதும் முழு உண்மை இல்லை. 2024 செப்டம்பர் 16 முதல் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் திரும்பக் கொண்டுவந்தது. சால்ஸ்பர்க்கிலிருந்து முனிச் திரும்பும்போது வால்ஸர்பெர்க் எல்லைச் சாவடியில் நிறுத்தலாம். காரில் இருக்கும் ஒவ்வொருவருடைய அசல் பாஸ்போர்ட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஓட்டுகிறவர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். அது ஓராண்டு செல்லும். அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும், ஒன்றில்லாமல் மற்றொன்றுக்கு மதிப்பில்லை. போனில் வைத்திருக்கும் டிஜிலாக்கர் பிரதி அங்கே செல்லாது. முன்பணத்துக்கு, ஓட்டுகிறவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். மகன் கார்டில் பதிவு செய்து அப்பா ஓட்டுவது நடக்காது. வண்டி எந்தெந்த நாட்டுக்குப் போகப் போகிறது என்பதை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். எழுதாத நாட்டில் விபத்து நடந்தால் காப்பீடு செல்லாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றிய சிம் கார்டு எல்லா நாட்டிலும் ஓடும் என்று நம்பி சுவிட்சர்லாந்துக்குள் போகாதீர்கள்; ரோமிங் சட்டம் அந்த நாட்டுக்குப் பொருந்தாது. வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது: குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போவது அங்கே நடக்கவே கூடாது. ஜெர்மனியில் 12 வயதுக்கு உட்பட்ட, 150 சென்டிமீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு அதற்கேற்ற இருக்கை வேண்டும். ஆஸ்திரியாவில் 14 வயது, 135 சென்டிமீட்டர் என்று கணக்கு மாறும். இத்தாலியில் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையின் இருக்கையில், குழந்தையை மறந்து இறங்கினால் கூவும் கருவியும் இருக்க வேண்டும். ஐந்து பேர், ஐந்து பெரிய பெட்டி, ஒரு சின்னக் கார் என்ற கணக்கும் வேண்டாம். பின்கண்ணாடி மறையும்படி அடுக்கிய பெட்டிகள் மலை இறக்கத்தில் உயிருக்கு உலை வைக்கும்.

ஓட்டுவது வலப்பக்கம். நெடுஞ்சாலையில் எல்லாரோடும் போகும்போது தவறு நடப்பதில்லை. பெட்ரோல் பங்கிலிருந்து வெளியே வரும்போது, காலை வெறிச்சோடிய கிராமத்துச் சாலையில் முதல் திருப்பத்தில், கை தன்னால் இடப்பக்கம் இழுக்கும். பக்கத்தில் உட்காருபவர் ஒவ்வொரு திருப்பத்திலும் 'வலது' என்று வாய்விட்டுச் சொல்லட்டும். விமானம் இறங்கிய நாளில் மலைப்பக்கம் ஓட்டவே வேண்டாம். ஓர் இரவு தூங்குங்கள். கியர் போடப் பழகிய கை மாறும் என்பதால் ஆட்டோமேடிக் காரே எடுங்கள், வாடகை கொஞ்சம் கூடினாலும். சின்னச் சந்திப்பில் பலகை எதுவும் இல்லையென்றால் வலப்பக்கத்திலிருந்து வருகிறவருக்கே முன்னுரிமை. சுவிஸ் மலைச்சாலைகளில் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்து ஹாரன் அடித்தால் வழிவிட வேண்டும். அதன் ஓட்டுநர் பின்னால் போகச் சொன்னால் போக வேண்டும்.

ஆட்டோபானில் நெரிசல் தொடங்கியதும் இடத் தடத்து வண்டிகள் இடப்பக்க ஓரத்துக்கும் மற்றவை வலப்பக்கத்துக்கும் ஒதுங்கி நடுவே ஆம்புலன்சுக்குச் சந்து விடுவதைப் பார்ப்பீர்கள். அது மரியாதைக்காகச் செய்வது என்று நினைத்துவிடாதீர்கள், சட்டம். ஜெர்மனியில் மீறினால் 200 யூரோவும் ஒரு மாத ஓட்டத் தடையும். அந்தச் சந்தில் புகுந்து முன்னேறுவது அதைவிடப் பெரிய குற்றம். வேக அளவும் மாறிக்கொண்டே இருக்கும்: ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி நெடுஞ்சாலையில் 130, சுவிட்சர்லாந்தில் 120, இத்தாலியில் மழை பெய்தால் 110, இன்ஸ்ப்ரூக் பக்கத்துப் பள்ளத்தாக்கில் காற்று மாசுக்காகப் பல இடங்களில் 100. கேமராவைக் கண்டதும் பிரேக் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. இரண்டு இடங்களுக்கு இடையிலான சராசரி வேகத்தை அளக்கிறார்கள்.

இந்தப் பருவத்துக்கென்றே ஓர் ஆபத்து கண்ணாடிக் குவளையில் வரும். அறுவடை முடிந்ததும் ஆஸ்திரியாவில் 'ஷ்டுர்ம்', ஜெர்மனியில் 'ஃபெடர்வைசர்' என்று பாதி நொதித்த திராட்சைச் சாற்றை எங்கும் விற்பார்கள். பழரசம்போல இனிக்கும், உள்ளே மது இருக்கிறது, நேரம் ஆக ஆகக் கூடும். குழந்தைக்கு ஜூஸ் என்று வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். ஓட்டுகிறவர் தொடவே வேண்டாம். செக்கிலும் ஸ்லோவாக்கியாவிலும் ஹங்கேரியிலும் சட்டம் அனுமதிப்பது பூஜ்யம்.

அக்டோபர் கடைசியிலிருந்து பனிச்சறுக்குக் காலம் வரை மலைக் கிராமங்களில் பல ஹோட்டல்களும் கேபிள் கார்களும் மூடிக்கிடக்கும். ஞாயிறும், நவம்பர் 1 புனிதர் அனைவர் திருநாளும் ஜெர்மனியின் தென்பகுதியிலும் ஆஸ்திரியாவிலும் கடைகள் திறக்காது. சைவம் சாப்பிடுகிறவர்கள் சனிக்கிழமை மாலைக்குள் ரொட்டி, பழம், தயிர் வாங்கி வையுங்கள்.

கடைசி நாளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இத்தாலியிலிருந்து முனிச்சுக்குப் பலரும் வருவது பிரென்னர் வழியாக. அங்கே பழைய லூக் பாலத்தை மாற்றிக் கட்டுகிறார்கள். 2025 ஜனவரி முதல் பெரும்பாலான நாட்களில் ஒவ்வொரு திசைக்கும் ஒரே தடம். சனிக்கிழமையோ, ஜெர்மனியின் பள்ளி விடுமுறை முடியும் நாளோ என்றால் மணிக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கிக் கிராமங்கள் வழியாகப் போய்விடலாம் என்றால் டிரோல் மாநிலம் நெரிசல் நாட்களில் அதையும் தடுக்கிறது. ஆகவே விமானம் ஏறும் நாளின் காலையில் இத்தாலியில் கண் விழிக்காதீர்கள். முந்தைய நாள் பகலிலேயே பிரென்னரைத் தாண்டி, முனிச் விமான நிலையத்துக்கு ஒரு மணி நேரத் தொலைவில் கடைசி இரவுக்கு அறை எடுங்கள். திரும்பக் கொடுக்கும் முன் காரின் நான்கு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.